தண்ணீர் திரும்பி வரும் வழி

செடி வளர்க்கும் என் கண்ணாடித் தொட்டிக்குள் ஓடிய முதல் ஓடை பத்தொன்பது நாள்தான் இருந்தது. இருபதாம் நாள் காலையில் தொட்டியின் கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. ஓடை ஓடிக்கொண்டுதான் இருந்தது. கரையில் வைத்த மாஸ் என்ற மெத்தைப் பாசி பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது. ஃபிட்டோனியாவின் இலைகள் மட்டும் துவண்டு மண்மேல் படுத்திருந்தன. ஒரு செடியைப் பிடித்து லேசாக இழுத்தேன். தண்டு கையோடு வந்துவிட்டது, வேர் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. விரலை மண்ணில் விட்டால் கூழ்.

அந்த ஓடையைக் கட்ட எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கற்களைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒரு வாரம். எந்தக் கல்லின் விளிம்பிலிருந்து நீர் விழ வேண்டும், எந்த வேரைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் எந்த இடம் கண்ணில் படும் என்று காகிதம் காகிதமாக வரைந்து தள்ளினேன். விழுந்த தண்ணீர் எந்த வழியாகத் திரும்பிப் போகும் என்பதற்கு ஒரு கோடுகூடப் போட்டு வைக்கவில்லை. கூழாங்கல்லுக்குள் இறங்கும், பம்ப் அதை எடுத்து மேலே அனுப்பும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன். டெரேரியம் என்ற இந்தக் கண்ணாடித் தோட்டத்துக்குள் நீரோட்டம் வைக்க ஆசைப்படும் யார் கேட்டாலும் இப்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: அருவியை அப்புறம் வரையுங்கள், தண்ணீர் திரும்பி வரும் வழியை முதலில் வரையுங்கள்.

பூந்தொட்டிக்கு அடியில் ஓட்டை உண்டு. ஊற்றியது அதிகமானால் வழிந்து வெளியே போய்விடும், நம் தவறு மன்னிக்கப்பட்டுவிடும். கண்ணாடித் தொட்டியில் அந்தச் சலுகை இல்லை. உள்ளே போன நீர் ஆவியாகும், கண்ணாடியில் முத்து முத்தாகப் படியும், மறுபடி மண்ணுக்கே இறங்கும். இந்த அடைபட்ட சுழற்சியில்தான் டெரேரியத்தின் உயிரும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. 1829-இல் லண்டனில் நத்தானியேல் பாக்ஷா வார்ட் என்ற மருத்துவர், ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்துக்கொண்டன. அந்த நகரத்துப் புகையில் அவர் தோட்டத்தில் வைத்த பெரணிகள் பிழைக்காமல் போன காலம் அது. புட்டிக்குள் இருந்தவையோ ஏறக்குறைய 4 ஆண்டுகள் வாழ்ந்தன. நாம் இன்று வளர்க்கும் கண்ணாடித் தோட்டங்களுக்கெல்லாம் அந்தப் புட்டிதான் பாட்டி. அந்த இரண்டு செடிகளும் எப்படி அழிந்தன என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வார்ட் வீட்டில் இல்லாத சமயத்தில் மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே புகுந்துவிட்டது. ஒரு சொட்டும் ஊற்றாமல் 4 ஆண்டு பிழைத்தவை, கூடுதலாக வந்த தண்ணீரில் போய்விட்டன.

என் ஃபிட்டோனியாக்களுக்கு நடந்ததும் அதுதான். வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் காற்று இருக்கும்வரை அதற்குக் குறையில்லை. அந்த இடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துவிட்டால், ஆக்ஸிஜன் அதற்குள் ஊடுருவிப் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைந்துவிடுகிறது. வேர் திணறிச் சாகிறது. ஆக்ஸிஜன் இல்லாத அந்தச் சேற்றில் சல்பேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகின்றன. காலையில் என் முகத்தில் அடித்த வாடை அதுதான்.

மண்ணுக்குத் தண்ணீர் எப்படிப் போயிற்று என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. ஓடையின் படுகையை சிலிக்கான் பசை பூசி அடைத்திருந்தேன். ஓட்டை, விரிசல் எதுவும் இல்லை. ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தபோது, கரையோரம் நான் ஆசை ஆசையாகப் பதித்திருந்த மாஸின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அதன் ஒரு முனை ஓடைக்குள் தொங்கியது, மறுமுனை கரையைத் தாண்டி மண்மேல் கிடந்தது. இரண்டு முனையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

நம்பாமல் ஒரு சோதனை செய்தேன். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து உயரமாக வைத்தேன், பக்கத்தில் காலி டம்ளர் ஒன்றைத் தாழ வைத்தேன். நனைந்த மாஸ் கொத்து ஒன்றை நிறைந்த டம்ளரின் விளிம்பில் போட்டு, மறுமுனை காலி டம்ளருக்குள் தொங்குமாறு விட்டேன். விடிந்து பார்த்தால் காலி டம்ளரில் இரண்டு விரற்கடை தண்ணீர். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல மாஸ் தண்ணீரை விளிம்புக்கு மேலே ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கி விட்டிருக்கிறது. ஒரு கொத்து ஒரு ராத்திரியில் செய்த வேலை இது. என் ஓடையின் இரு கரைகளிலும் சேர்த்து இருபது கொத்துகளாவது இருந்தன, பத்தொன்பது நாள் இருந்தன.

குறுகிய இடைவெளியில் தண்ணீர் தானாக மேலேறும். நல்ல கண்ணாடிக் குழாயில் ஆரம் 1 மி.மீ. இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. ஏறும். ஆரம் அதில் பத்தில் ஒரு பங்கானால் 15 செ.மீ. ஏறும். இடைவெளி குறுகக் குறுக ஏற்றம் கூடும். மாஸின் இலைகளுக்கு நடுவேயும், தென்னை நார்த்தூளின் துகள்களுக்கு நடுவேயும் இருப்பவை அப்படிப்பட்ட குறுகிய இடைவெளிகள்தான். தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடும் என்று சிறு வயதிலிருந்தே நம் மனத்தில் பதிந்திருக்கிறது. சின்னத் தொட்டிக்குள் அது பாதி உண்மைதான். பள்ளத்தைத் தேடுவதற்கு முன்னால் அது மேட்டில் ஏறிக் குறுக்கு வழியும் பிடிக்கும்.

இதைப் புரிந்துகொண்டதும் மண்ணுக்கு அடியில் களிமண் உருண்டைகளால் வடிகால் அடுக்கை எதற்காகப் போடுகிறார்கள் என்பதும் புரிந்தது. பெரிய களிமண் உருண்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அகலமானது, அதில் தண்ணீர் அதிகம் ஏறாது. மண்ணுக்கும் கீழே நிற்கும் நீருக்கும் நடுவே அது ஒரு துண்டிப்பு. அந்தத் துண்டிப்பு இல்லாவிட்டால் அடியில் நிற்கும் நீர் முழுவதும் திரி ஏறுவது போல மண்ணில் ஏறிவிடும்.

சரி, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு இரண்டாம் முறை கட்டினேன். இந்த முறை அடியிலிருந்து.

என் தொட்டி 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். முதல் கட்டுமானத்தில் முன்பக்க மூலையில் 20-க்கு 15 செ.மீ. அளவில் ஒரு குட்டை வைத்து, பம்பை அதற்குள் போட்டிருந்தேன். பம்ப் ஓடும்போது ஓடையிலும் குழாயிலும் ஒரு லிட்டர் தண்ணீர் இருக்கும். பம்ப் நின்றால் அந்த ஒரு லிட்டரும் குட்டைக்கு இறங்கும். 300 சதுர செ.மீ. பரப்புள்ள குட்டையில் ஒரு லிட்டர் சேர்ந்தால் மட்டம் 3 செ.மீ.க்கு மேல் உயரும். ஒவ்வொரு முறை மின்சாரம் போனபோதும் என் குட்டை கரையைத் தாண்டி மண்ணுக்குள் வழிந்திருக்கிறது. நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

இப்போது குட்டையோடு நிற்காமல் தொட்டியின் அடிப்பரப்பு முழுவதையுமே நீர்த்தேக்கமாக்கிவிட்டேன். கூரை விளக்குகளுக்கு அடியில் மாட்டுகிறார்களே, கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டி, அதை அளவாக வெட்டி, 8 செ.மீ. உயரத்துக்கு அறுத்த பிவிசி குழாய்த் துண்டுகளின் மேல் நிறுத்தினேன். பொய்த்தளம் என்று இதைச் சொல்லலாம். அதன் மேல் ஃபைபர் கொசுவலை, வலைக்கு மேலே இரண்டு விரல் கனத்துக்குக் களிமண் உருண்டைகள், அதற்கு மேல் இன்னொரு வலை, அப்புறம்தான் மண். கீழே தண்ணீர் 5 செ.மீ.க்கு மேல் நிற்காது. பரப்பு 2,700 சதுர செ.மீ. என்பதால் அந்த 5 செ.மீ.க்கே 13 லிட்டருக்கு மேல் பிடிக்கிறது. பம்ப் நின்று ஒரு லிட்டர் இறங்கினாலும் மட்டம் 4 மி.மீ. கூட உயர்வதில்லை. தட்டிக்குக் கீழே இன்னும் இரண்டரை செ.மீ. காலியாகவே இருக்கும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடியில் 13 கிலோ தண்ணீர், மேலே கல், மண், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் மேசை நல்ல கனம் தாங்க வேண்டும். தொட்டியை நிறைத்த பிறகு நகர்த்தலாம் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடியின் ஒட்டுகள் அதற்காக ஒட்டப்பட்டவை அல்ல.

பம்ப் இருக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும். முதல் தடவை பம்பின் மேலே கல்லை அடுக்கி, கல்லின் மேல் மண்ணைப் போட்டு, மண்ணில் செடியை நட்டு, அது இருக்கும் இடமே தெரியாமல் மறைத்திருந்தேன். பார்க்க அவ்வளவு இயல்பாக இருந்தது. பம்பின் வாயில் ஒரு நார் சிக்கினால் எடுக்க வழியே இல்லை. சின்ன பம்ப் எதுவானாலும் ஒருநாள் அடைக்கும். அதை மறைக்கலாம், புதைக்கக் கூடாது.

இரண்டாவது கட்டுமானத்தில் பின்மூலையில் 10 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய் ஒன்றை நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். பொய்த்தளத்தைத் துளைத்து அடிக்கண்ணாடி வரை போகிறது, மேலே மண்மட்டத்துக்கு இரண்டு விரல் உயரமாக நிற்கிறது. குழாயின் அடிப்பகுதியில் நிறைய ஓட்டைகள் போட்டு, வெளிப்பக்கம் பெரிய துளைகள் உள்ள ஸ்பாஞ்சைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். பம்ப் அந்தக் கிணற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கிணற்றின் வாயை ஒரு மரப்பட்டைத் துண்டால் மூடியிருக்கிறேன். பட்டையை எடுத்து, வயரைப் பிடித்து இழுத்தால் பம்ப் கைக்கு வந்துவிடும். ஒரு செடியையும் தொட வேண்டாம். பம்புக்கு அடியிலும் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் இருக்கிறது. பம்ப் நேராகக் கண்ணாடியைத் தொட்டால் அதன் அதிர்வு தொட்டி முழுவதும் பரவி ஒரு ரீங்காரம் கேட்கும். அந்த ரீங்காரத்தில் ஓடையின் சத்தம் காணாமல் போய்விடும், அப்புறம் ஓடை எதற்கு?

பம்பை வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். மணிக்கு 300 லிட்டர் என்றால், தண்ணீரை ஓர் அங்குலம்கூட மேலே தூக்காமல் தள்ளும்போது 300 லிட்டர். கூடவே அதிகபட்ச உயரம் என்று ஒன்று போட்டிருப்பார்கள். என்னுடையது 60 செ.மீ. அந்த உயரத்தில் குழாயின் வாயில் தண்ணீர் வந்து நிற்கும், வெளியே விழாது. நடுவில் எவ்வளவு என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும். என் அருவி நீர்மட்டத்திலிருந்து 35 செ.மீ. உயரம். குழாயை அந்த உயரத்தில் பிடித்து ஒரு லிட்டர் பாத்திரத்தை நிரப்பினேன், அரை நிமிடம் ஆயிற்று. அதாவது மணிக்கு 120 லிட்டர், பெட்டியில் சொன்னதில் பாதிகூட இல்லை. நாலு விரல் அகலமுள்ள என் ஓடைக்கு அதுவே தாராளம். சின்னத் தொட்டியில் ஓட்டம் அதிகமானால் தெறிக்கும், தெறித்தால் மண் நனையும், கண்ணாடியில் உப்புப் புள்ளி விழும். குழாயில் ஒரு சின்ன வால்வு வைத்து நான் இன்னும் குறைத்துத்தான் ஓட்டுகிறேன்.

மின்சார விஷயத்தில் மூன்றைக் கறாராகப் பின்பற்றுகிறேன். தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவது. வயர் சாக்கெட்டுக்குப் போகும் முன் ஒரு தடவை கீழே தொங்கி மேலேறும்படி விடுவது, வயர் வழியாக வழியும் சொட்டு அந்த வளைவிலேயே கீழே விழுந்துவிடும். அப்புறம், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் பிரேக்கர் இருக்கும் இணைப்பில் மட்டும் மாட்டுவது.

பின்சுவரையும் பாறை மேட்டையும் பலரைப் போல நானும் பாலியூரித்தேன் ஃபோமால்தான் செய்தேன். தெளித்ததும் பொங்கி உப்பும், ஒரு நாள் இறுகவிட்டுக் கத்தியால் வேண்டிய உருவத்துக்குச் செதுக்கலாம். செதுக்கிய மேல்பரப்பில் சிலிக்கானைப் பூசி, காயும் முன் உலர்ந்த தென்னை நார்த்தூளை அழுத்தினால் மண்மேடு போலவே இருக்கும். ஆனால் ஃபோம் மிதக்கும் பொருள். வழவழப்பான கண்ணாடியில் அதற்குச் சரியான பிடிமானமும் இல்லை. கண்ணாடியில் முதலில் சிலிக்கானைத் தடவிக் காயவிட்டு, அதன் மேல் ஃபோமைத் தெளித்தால் பிடிக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே ஃபோமைக் கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பின்னால் தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

சிலிக்கான் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாக இருக்க வேண்டும். குளியலறைக்கென்று விற்பதில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும், நீர்வாழ் உயிர்களுக்கு அது ஆகாது. காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு மேலிருந்து உள்ளே என்ற வரிசையில் சிலிக்கான் இறுகும், ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான். கனமாக அப்பியிருந்தால் அதற்கேற்பக் காத்திருக்க வேண்டும். தொட்டியை மூடி வைத்துவிட்டு மறுநாள் மோந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் இன்னும் ஆகவில்லை. நான் ஒரு வாரம் விட்டேன்.

இனி அருவியின் உதடு. தண்ணீரை விளிம்பிலிருந்து விழ வைப்பது இவ்வளவு கஷ்டமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உருண்டையான, வழவழப்பான கல்லைத்தான் முதலில் வைத்தேன், அழகாக இருக்கிறதே என்று. தண்ணீர் அதன் முனைவரை வந்து, கீழே குதிக்காமல், கல்லின் அடிவயிற்றை ஒட்டிக்கொண்டு பின்பக்கமாகவே ஓடி ஃபோம் சுவரில் இறங்கியது. கெண்டியைச் சாய்க்கும்போது மூக்கின் அடிப்பக்கமாக வழிந்து மேசையை நனைக்குமே, அதே கதை. மார்க்கஸ் ரெய்னர் என்ற அறிவியலாளர் 1956-இல் இதற்குத் தேநீர்க்கெண்டி விளைவு என்றே பெயர் வைத்தார். ஓட்டம் மெதுவாக இருந்தால், விளிம்பு உருண்டையாக இருந்தால், பரப்பு நன்றாக நனையக்கூடியதாக இருந்தால் தண்ணீர் ஒட்டிக்கொண்டு திரும்பும். டெரேரிய அருவியில் இந்த மூன்றும் ஒருசேர இருக்கின்றன.

வேகத்தைக் கூட்டினால் தெறிக்கும், ஆகவே விளிம்பைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மெல்லிய ஸ்லேட் கல் ஒன்றை உடைத்து, உடைந்த கூர்மையான ஓரத்தை வெளிப்பக்கம் நீட்டி, முன்பக்கம் லேசாகச் சரித்து ஒட்டினேன். அதன் அடியில், ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி, சிலிக்கானால் ஒரு மெல்லிய வரம்பு இழுத்தேன். ஒட்டிக்கொண்டு திரும்பும் நீர் அந்த வரம்பில் தடுக்கிச் சொட்டிவிடும். கட்டடங்களில் ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சன்ஷேடின் அடியில் ஒரு பள்ளக்கோடு இழுத்திருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். அதுவும் இதற்காகத்தான். பம்பைப் போட்டதும் தண்ணீர் கண்ணாடித் தகடு போல ஓரத்தை விட்டு விலகி விழுந்தது. முதல் அரை மணி நேரம் நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

கற்களைப் பற்றி ஒன்றே ஒன்று. வினிகரை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக் கல். அது கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். எரிமலைக் கல், ஸ்லேட் இரண்டும் எனக்குத் தொந்தரவு தராமல் இருக்கின்றன.

செடி எதுவும் வைக்காமல் வெறும் கல்லையும் படுகையையும் மட்டும் வைத்து ஒரு வாரம் ஓட்டினேன். கைகள் பரபரக்கத்தான் செய்தன, நாற்றுகள் வேறு டப்பாவில் காத்துக்கொண்டிருந்தன. ஆனாலும் இந்த ஒரு வாரம்தான் முழு வேலையிலும் மிகவும் பயனுள்ள வாரம். ஓடையின் இரு கரைகளிலும் டிஷ்யூ காகிதத்தை நாடா நாடாவாகக் கிழித்து வைத்தேன். கசிவு இருக்கும் இடத்தில் காகிதம் கறுத்து ஈரம் காட்டிவிடும். முதல் நாள் இரண்டு இடம், நான்காம் நாள் ஓரிடம். அடைத்தேன். வெளிக்கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு டேப்பை ஒட்டிக் கோடு போட்டேன். மூடிய தொட்டியில் ஒரு நாளைக்கு வெளியேறும் ஈரம் மிகக் குறைவு. கோட்டிலிருந்து மட்டம் சரசரவென்று இறங்கினால் அந்தத் தண்ணீர் தொட்டிக்குள்ளேயே எங்கோ போகக் கூடாத இடத்துக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த டேப் இன்றும் அங்கேயே இருக்கிறது. தினமும் காலையில் செடிகளுக்கு முன்பாக அதைத்தான் பார்க்கிறேன். பம்பை நிறுத்தியும் பார்த்தேன். ஒரு நாளில் பத்துத் தடவை நிறுத்தி, போட்டு, நிறுத்தி. குழாயில் காற்று சிக்கிக்கொண்டு மறுபடி ஓடாமல் போகிறதா, மட்டம் எதுவரை ஏறுகிறது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன்.

தண்ணீருக்கு ஒரு கணக்கு உண்டு. நீர் ஆவியாகும்போது அதிலிருந்த உப்புகள் ஆவியாவதில்லை. லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும் குழாய்த் தண்ணீரை ஐந்து லிட்டர் மேல்நிரப்பாக ஊற்றினால் ஒன்றரை கிராம் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வெளியே போக அதற்கு வழியில்லை. கல்லில் வெள்ளைப் படிவம் பிடிப்பதும், அருவியோரத்து மாஸின் நுனிகள் கருகுவதும் இப்படித்தான். குறைந்த நீரை ஈடுகட்டக் காய்ச்சி வடித்த நீரோ ஆர்.ஓ. நீரோதான் ஊற்றுகிறேன். குழாய்த் தண்ணீர்தான் இருக்கிறதென்றால், குளோரின் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது, அதற்கு அக்வேரிய மருந்து ஊற்ற வேண்டும்.

முதல் மாதம் தண்ணீர் விதவிதமாக முகம் காட்டும். மரத்துண்டிலிருந்து சாயம் இறங்கித் தேநீர் நிறமாகும். புது மரத்தின் மேல் வெள்ளையாக, வழவழவென்று ஒரு படலம் வளரும். கற்களில் பழுப்பாகப் பாசி படியும். நான் பயந்து ஒவ்வொன்றையும் துலக்கிக்கொண்டிருந்தேன், தேவையே இல்லை. சில வாரங்களில் அவை தாமாகவே அடங்கின. விளக்கை மட்டும் 12 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரமாகக் குறைத்தேன்.

செடி நட்டது ஒரே மாலையில் முடிந்தது. நீரில் கால் நனைத்து நிற்கப் பிடிக்கும் அனுபியாஸ் நானா, ஜாவா பெரணி, புசெஃபலேண்ட்ரா மூன்றும் ஓடையின் ஓரக் கற்களில். அவற்றின் கிழங்குத் தண்டை மண்ணில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். கல்லோடு நூலால் கட்டிவிட்டால் வேர் தானே பிடித்துக்கொள்ளும். ஃபிட்டோனியாவும் கொடி அத்தியும் தள்ளி, உயரத்தில், வடிகிற மண்ணில்.

மாஸ் வைக்காமலும் மனம் கேட்கவில்லை. ஓடைக்குள் ஜாவா மாஸ், கரைக்கு வெளியே வேறு மாஸ், இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெறும் கல். அந்த வெறும் கல்தான் என் வரப்பு. மாஸ் வளர வளர இரண்டு பக்கமிருந்தும் கை நீட்டும். மாதம் ஒருமுறை சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வரப்பைத் தாண்டிய இழைகளை வெட்டிவிடுகிறேன். இரண்டும் கைகோத்துவிட்டால் மறுபடி அந்தப் பழைய திரி உருவாகிவிடும்.

உயிர்கள் விஷயத்தில் என் எண்ணம் உறுதியானது. அந்தச் சின்னக் குட்டையில் மீன் விட வேண்டாம். நீர் ஓடுகிறது என்பதால் அது ஆறாகிவிடாது, மொத்தம் 13 லிட்டர்தான், அதில் பெரும்பகுதி இருட்டான பொய்த்தளத்துக்குக் கீழே. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைகொள்ளவே 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகும் இவ்வளவு குறைந்த நீரில் ஒரு தப்பு நடந்தால் தாங்காது. விஷத்தவளை என்று சொல்லப்படும் டார்ட் தவளைகளை வளர்ப்பவர்கள் ஓடை வைக்க ஆசைப்படுவதுண்டு. அவை நன்றாக நீந்தத் தெரியாதவை, செங்குத்தான கரையுள்ள ஆழமான நீரில் விழுந்தால் மூழ்கியே போகலாம். அப்படியொரு ஜீவனுக்காகக் கட்டுவதென்றால் குட்டை இரண்டு, மூன்று செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏறி வர ஒரு சரிவு இருக்க வேண்டும். அருவி அதற்குத் தேவைப்படவே இல்லை. இரண்டாம் முறை தொட்டியைக் கட்டும்போது நான் எனக்காகக் கட்டுகிறேனா, உள்ளே வாழப்போகும் உயிருக்காகக் கட்டுகிறேனா என்று கேட்டுக்கொண்டேன். எனக்காகத்தான். ஆகவே வேறொரு பிராணியை அதற்குள் அடைக்கவில்லை.

ஸ்பிரிங்டெயில்கள் மட்டும் இருக்கின்றன. வெள்ளை எள்ளில் பாதிகூட இராத பூச்சிகள். மண்ணில் பூக்கும் பூஞ்சையைத் தின்று வாழ்கின்றன. ஈரமண்ணோடு ஒரு கைப்பிடி விட்டேன், இப்போது கணக்கில்லாமல் இருக்கின்றன.

போன வாரம் ஓட்டம் மெலிந்தது. அருவி தகடாக விழாமல் இரண்டு நூலாகப் பிரிந்து விழுந்தது. பிளக்கைப் பிடுங்கினேன், பட்டையை எடுத்தேன், வயரைப் பிடித்து பம்பை மேலே இழுத்தேன். வாயில் நார்த்தூள் ஒரு சிட்டிகை. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பாஞ்சைப் பிழிந்து கழுவி, திரும்ப இறக்கினேன். ஆறு நிமிடம் ஆயிற்று. பம்ப் நின்றிருந்த அந்த ஆறு நிமிடமும் குட்டை கண்ணாடி போல அசையாமல் கிடந்தது. மட்டம் டேப்பின் கோட்டிலிருந்து 3 மி.மீ. ஏறி அங்கேயே நின்றது. கரையிலிருந்து தவறி விழுந்த ஸ்பிரிங்டெயில்கள் ஏழெட்டு நீரின் மேல் மிதந்துகொண்டிருந்தன. அவை மூழ்குவதில்லை. வயிற்றுக்கு அடியில் மடக்கி வைத்திருக்கும் வால் போன்ற ஒன்றைத் தட்டி, நீர்ப்பரப்பிலிருந்தே ஒவ்வொன்றாகத் துள்ளின. ஒன்று அனுபியாஸ் இலையில் விழுந்தது, இன்னொன்று ஸ்லேட் கல்லின் காய்ந்த ஓரத்தில். கடைசி ஒன்று கரை சேரும்வரை பம்பைப் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.